49 வாக்குகளும் திறக்கப்படாத ஓர் உறையும்: தேர்தல் ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இந்தியத் தலைமைத் தேர்தல் ஆணையர் அவர்களுக்கும், தேர்தல் ஆணையர்களுக்கும், தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரி அவர்களுக்கும் வணக்கம்.

நான் திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில், ராதாபுரம் சட்டமன்றத் தொகுதியில் வாக்குரிமை உள்ளவன். நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பணியில் இருந்த காலத்தில், தேர்தல் என்றாலே கையில் ஒரு பையும் போர்வையும் எடுத்துக்கொண்டு முன்தினமே வாக்குச்சாவடிக்குப் போய் இரவு தங்கும் ஆசிரியர்களில் ஒருவனாக இருந்தேன். எந்தக் கட்சியிலும் எனக்கு உறுப்பினர் அட்டை இருந்ததில்லை. இந்த மடலில் 2016இல் எங்கள் தொகுதியில் யார் வென்றிருக்க வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. அது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழி இருந்தும், எண்ணி முடித்த கணக்கு கையில் இருந்தும், உரிய காலத்தில் அது எங்களுக்குச் சொல்லப்படாமலே போனது என்பதுதான் என் குறை.

நடந்ததைச் சுருக்கமாக நினைவூட்டுகிறேன். 2016 மே 16 அன்று வாக்குப்பதிவு. 19ஆம் தேதி எண்ணிக்கை. அ.தி.மு.க. வேட்பாளர் இன்பதுரைக்கு 69,590 வாக்குகளும் தி.மு.க. வேட்பாளர் அப்பாவுக்கு 69,541 வாக்குகளும் கிடைத்ததாக அறிவிக்கப்பட்டது. வித்தியாசம் 49. இருவரும் சேர்ந்து பெற்ற 1,39,131 வாக்குகளில் இது பத்தாயிரத்துக்கு நான்கைக்கூட எட்டாது. வள்ளியூரிலோ பணகுடியிலோ ஒரே தெருவைச் சேர்ந்த பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் அன்றைக்கு வெளியூர்க் கல்யாணத்துக்குப் போயிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும். தோற்றதாக அறிவிக்கப்பட்டவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு தாக்கல் செய்தார். தபால் வாக்குகளில் 203 வாக்குகள் செல்லாதவை என்று ஒதுக்கப்பட்டிருந்தன. அவற்றோடு வந்த உறுதிமொழிப் படிவங்களில் சான்றொப்பமிட்டவர்கள் பள்ளித் தலைமை ஆசிரியர்கள் என்பதும், அவர்களை அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர்களாக ஏற்கலாமா என்பதும்தான் வழக்கின் மையமாக நின்றன. ஒதுக்கப்பட்டவை 203, வெற்றி வித்தியாசம் 49 என்ற இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்தக் கட்சிக்காரருக்கும் கேள்வி எழத்தான் செய்யும்.

உயர் நீதிமன்றம் 2019 அக்டோபர் 1 அன்று, தபால் வாக்குகளையும், வாக்குப்பதிவு இயந்திரங்களில் 19, 20, 21 ஆகிய கடைசி மூன்று சுற்றுகளின் வாக்குகளையும் மறுபடி எண்ண உத்தரவிட்டது. மூன்றே நாளில், அக்டோபர் 4 அன்று, உயர் நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். ஆனால் அதே நாளில் உச்ச நீதிமன்றம், எண்ணிக்கையைத் தடுக்காமல், முடிவை வெளியிடுவதற்கு மட்டும் இடைக்காலத் தடை விதித்தது. எண்ணிய கணக்கு உறைக்குள் போனது. 2021 மே மாதம் பேரவையின் ஆயுள் முடியும் வரை அந்த உறை திறக்கப்படவில்லை. அந்த ஆண்டுத் தேர்தலில் அப்பாவு எங்கள் தொகுதியிலேயே வென்று பேரவைத் தலைவரானார். இன்பதுரை 2025இல் மாநிலங்களவைக்குப் போனார். அரசியலில் இருவருக்கும் பாதை கிடைத்தது. வாக்களித்த எங்களுக்குத்தான் 2016ஆம் ஆண்டுக் கேள்விக்குரிய பதில் அந்தப் பேரவை உயிரோடு இருந்த நாளுக்குள் கிடைக்கவில்லை. இன்றைக்கும் எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் இதற்கு இரண்டு கணக்குகள் ஓடுகின்றன. இரண்டையும் சொல்பவர்கள் நல்லவர்கள், இரண்டு தரப்புமே தம் கணக்குதான் உண்மை என்று மனதார நம்புகிறவர்கள்.

இது நீதிமன்றத்தில் நடந்த விஷயம், ஆணையத்துக்கு ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். அந்த 203 உறைகளைப் பற்றிய கேள்வி நீதிமன்றத்தில் பிறந்ததில்லை, எண்ணும் மேசையில் பிறந்தது. இன்னும் சரியாகச் சொன்னால், வாக்குப்பதிவுக்குப் பல நாட்கள் முன்பு, ஓர் ஆசிரியர் தன் படிவத்தை யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல் நின்றபோதே பிறந்துவிட்டது. அந்த இடம் எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால்தான் எழுதுகிறேன்.

தேர்தல் பணிக்குப் போகிறவர் தம் வாக்குச்சாவடிக்குப் போக முடியாது. ஆகவே தபால் வாக்குச் சீட்டு தருகிறீர்கள். குறியிட்ட சீட்டை உள்ளுறையில் இட்டு ஒட்ட வேண்டும். உறுதிமொழிப் படிவத்தில் சீட்டின் வரிசை எண்ணை எழுதிக் கையெழுத்திட்டு, அதற்கு உரிய அலுவலரிடம் சான்றொப்பம் பெற்று, இரண்டையும் வெளியுறையில் வைத்து அனுப்ப வேண்டும். எண்ணும் நாளில் முதலில் உறுதிமொழியைத்தான் பார்ப்பார்கள். கையெழுத்து இல்லையென்றாலோ, சான்றொப்பம் முறைப்படி இல்லையென்றாலோ, வரிசை எண் பொருந்தவில்லையென்றாலோ, உள்ளுறையைத் திறக்காமலே அந்த வாக்கைத் தள்ளிவைப்பது விதி. விதியின் நோக்கம் நியாயமானது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அப்படித் தள்ளப்படும் வாக்கு யாருக்குப் போடப்பட்டது என்பது எவருக்கும் தெரியாது. ஏன் தள்ளப்பட்டது என்பது அதைப் போட்டவருக்கும் தெரியாது.

பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு தொகுதியில் நான் பணியில் இருந்தபோது, புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியை ஒருவர் மாலையில் பள்ளி விட்ட பிறகு அந்தப் படிவத்தோடு என் மேசைக்கு வந்தார். தாலுகா அலுவலகத்துக்குப் போக அவருக்கு நேரமில்லை, கைக்குழந்தை வேறு. என் கையெழுத்தையும் பள்ளி முத்திரையையும் இட்டுக் கொடுத்தேன். பயிற்சி வகுப்பில் எங்களுக்குச் சொல்லப்பட்டது இயந்திரத்தை இணைப்பது, மாதிரி வாக்குப்பதிவு நடத்துவது, மை வைப்பது பற்றித்தான். யார் சான்றொப்பமிடலாம் என்பதற்கு ஒரு வாக்கியம் ஒதுக்கினார்களா என்பது எனக்கு நினைவில்லை. முடிவு வந்த மறுவாரம் அந்த ஆசிரியை, "சார், என் ஓட்டை எண்ணினாங்களா?" என்று கேட்டார். அதை அறிந்துகொள்ள வழியே இல்லை என்பதை அன்றுதான் நானும் உணர்ந்தேன். ராதாபுரம் வழக்கின் விவரங்கள் நாளிதழில் வந்தபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பெண்ணின் முகம்தான்.

ஒரு மாணவனின் மாற்றுச் சான்றிதழில் பிறந்த தேதியை எழுதி நான் இட்ட கையெழுத்தை அரசு ஏற்றுக்கொண்டது. அந்தத் தேதியை வைத்துத்தான் பிற்பாடு அவன் வாக்காளர் பட்டியலில் சேர்ந்தான், அரசு வேலைக்கு விண்ணப்பித்தான், ஓய்வூதியமும் வாங்குவான். என்னைப் போன்ற ஒருவரின் கையெழுத்து ஒரு வாக்கைச் செல்லத்தக்கதாக்கப் போதுமா என்பதற்குச் சட்டத்தில் இரண்டு பக்கமும் வாதம் இருக்கலாம். அதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் நீதிபதிகள். அந்தக் கேள்வி எண்ணிக்கை நாளன்று, முகவர்கள் கூச்சலிடும் அறையில், தூக்கமில்லாத ஒரு தேர்தல் நடத்தும் அலுவலரின் தலையில் விழுந்திருக்கக் கூடாது என்பதே நான் சொல்வது. தேர்தல் அறிவிப்பு வெளிவரும் நாளிலேயே அதற்கு விடை எழுதி ஒட்டியிருக்க வேண்டும்.

நம் நாட்டில் இது ராதாபுரத்தோடு நின்ற சிக்கலும் இல்லை. குஜராத்தில் தோல்கா தொகுதியில் 2017இல் வெற்றி வித்தியாசம் 327. தள்ளப்பட்ட தபால் வாக்குகள் 429. அந்தத் தேர்தல் செல்லாது என்று குஜராத் உயர் நீதிமன்றம் 2020 மே 12 அன்று தீர்ப்பளித்தது. மூன்று நாளில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. கேரளத்தில் பெரிந்தல்மண்ணை தொகுதியில் 2021இல் 38 வாக்குகளில் முடிவு வந்தது; அங்கே 348 தபால் வாக்குகள் எண்ணப்படாமல் ஒதுக்கப்பட்டிருந்தன. அந்த வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2023 ஜனவரியில், பெரிந்தல்மண்ணைக் கருவூலத்தில் இருக்க வேண்டிய வாக்குப் பெட்டி ஒன்று காணவில்லை என்று தெரிந்து, பிறகு மலப்புரத்தில் ஒரு கூட்டுறவுத் துறை அலுவலகத்தில் கண்டெடுக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்து, வென்றவரின் வெற்றியை உறுதி செய்தது. தீர்ப்பு சட்டப்படி முடிவானது. ஆனாலும் ஒரு வாக்குப் பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்ற செய்தி ஒருமுறை ஊருக்குள் புகுந்துவிட்டால், தீர்ப்பின் பக்கங்கள் அதைத் துரத்திப் பிடிப்பது எளிதில்லை.

எங்கள் பக்கத்து மாவட்டத் தொகுதி ஒன்று இதற்கு நேர்மாறான பாடத்தைத் தருகிறது. தென்காசியில் 2021இல் காங்கிரஸ் வேட்பாளர் பழனி நாடார் 370 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். தோற்ற அ.தி.மு.க. வேட்பாளர் வழக்குத் தொடுத்தார். நீதிமன்ற உத்தரவின்படி 2023 ஜூலையில் தபால் வாக்குகளை மீண்டும் எண்ணினார்கள். வென்றவரே மீண்டும் வென்றார். முடிவு மாறவில்லை என்பதால் அந்த மறு எண்ணிக்கை வீண் வேலை என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. கேட்டார்கள், எண்ணினார்கள், சொன்னார்கள், விஷயம் முடிந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆனது மட்டுமே எனக்கு வருத்தம். தபால் வாக்குகளை மறுபடி எண்ணுவது ஒரு பகல் பொழுது வேலை.

ஆணையம் எதுவும் செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். தேர்தல் பணியில் உள்ளவர்கள் தபால் வாக்கைக் கையோடு வீட்டுக்கு எடுத்துப் போய் நாட்கணக்கில் வைத்திருக்காமல், வசதி மையத்திலேயே வாக்களித்துவிட்டுப் போகும்படி 2023இல் விதி திருத்தப்பட்டது. சான்றொப்பத்துக்கு அலைவது இதனால் பெருமளவு தீர்ந்திருக்கும். எங்களைப் போன்ற ஆசிரியர்கள் இதற்கு நன்றி சொல்ல வேண்டும். 2025 செப்டம்பரில், தபால் வாக்குகளை எண்ணி முடிக்காமல் இயந்திர வாக்குகளின் கடைசிக்கு முந்தைய சுற்றைத் தொடங்கக் கூடாது என்று அறிவித்தீர்கள். எல்லாச் சுற்றும் முடிந்து ஒருவர் மாலையோடு நிற்கும் நேரத்தில் தபால் வாக்குக் கணக்கு உள்ளே வந்து நிலையை மாற்றும்போது ஏற்படும் சந்தேகத்தை இது குறைக்கும். தள்ளப்பட்ட தபால் வாக்குகள் வெற்றி வித்தியாசத்தைவிடக் கூடுதலாக இருந்தால், அவை அனைத்தையும் மறுபடி சரிபார்த்த பிறகே முடிவை அறிவிக்க வேண்டும் என்ற உத்தரவும் உங்களுடையதே.

ஆனால் அந்த மறு சரிபார்ப்பில் ஒரு குறை இருக்கிறது. தள்ளியதும் அதே அலுவலகம், சரிபார்ப்பதும் அதே அலுவலகம். விதிக்கு முதல் முறை கொடுத்த பொருளைத்தான் இரண்டாம் முறையும் கொடுப்பார்கள். கை தவறியோ கண் தவறியோ நேர்ந்த பிழையை அது பிடிக்கும். விதியைப் புரிந்துகொண்டதில் உள்ள பிழையைப் பிடிக்காது. தபால் வாக்குகளின் வகையும் இப்போது விரிந்திருக்கிறது. 85 வயதைக் கடந்தவர்களும் மாற்றுத்திறனாளிகளும் விரும்பினால் வீட்டிலிருந்தே வாக்களிக்கிறார்கள். படைவீரர்களுக்கு மின்னணு முறையில் சீட்டு போகிறது. பெரிந்தல்மண்ணையில் ஒதுக்கப்பட்டவை முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் வாக்குகளே. அவற்றில் இல்லாமற்போனது அலுவலர் இட வேண்டிய கையெழுத்து. வாசலுக்கு வந்த அலுவலர் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதற்கு, படுக்கையில் இருந்தபடி வாக்களித்த ஒரு பாட்டி தன் வாக்கை இழக்கிறார். இது எனக்கு மிகவும் வேதனை தருகிறது.

ஆகவே முதலில் நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு தேர்தலிலும், வேட்புமனு தொடங்கும் முன்பே, எந்தெந்த வகைத் தபால் வாக்குக்கு எந்தெந்தப் பதவியில் உள்ளவர் சான்றொப்பமிடலாம் என்ற முழுப் பட்டியலையும் பதவிப் பெயர்களோடு தமிழில் வெளியிடுங்கள். நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் இடலாமா கூடாதா என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். எண்ணிக்கை நாளன்று, தள்ளப்பட்ட ஒவ்வொரு தபால் வாக்குக்கும் ஒரு வரி எழுதுங்கள்: உறுதிமொழி இல்லை, சான்றொப்பம் இல்லை, வரிசை எண் பொருந்தவில்லை, குறி தெளிவில்லை என்று, வாக்காளரின் பெயர் இல்லாமல், காரணம் மட்டும். காரணவாரியான அந்த எண்ணிக்கையை அன்றிரவே தொகுதி முடிவோடு சேர்த்து ஆணையத்தின் இணையதளத்தில் போடுங்கள். இன்று இறுதி முடிவுத் தாளில் தள்ளப்பட்ட வாக்குகளின் மொத்தம் தெரிகிறது. ஏன் தள்ளினார்கள் என்பது தெரிவதில்லை.

நம்முடைய உத்திரமேரூர்க் கல்வெட்டை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை முறையை மக்களாட்சி என்று மேடையில் புகழ்வதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. நிலமும் கல்வியும் உள்ள சிலருக்கு மட்டுமான குலுக்கல் அது. ஆனால் ஓலையை எடுத்துப் படிப்பதற்கு அந்தச் சபையார் வகுத்த முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. குடத்திலிருந்து சிறுவன் எடுத்துத் தரும் ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். அவன் வாசித்த ஓலையை அங்கே மண்டபத்தில் இருக்கும் நம்பிமார் (கோயில் பூசகர்கள்) எல்லாரும் வாசிக்க வேண்டும். கையில் வேறு ஓலை மறைந்திருக்கவில்லை என்பது சபைக்குத் தெரிய வேண்டும் என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஊர் யோசித்திருக்கிறது. மத்தியஸ்தன் மேல் சந்தேகம் இருந்ததால் விரலை விரிக்கச் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவன் மேல் பிற்பாடு யாரும் சந்தேகப்பட இடம் தரக் கூடாது என்பதற்காகவே சொன்னார்கள். தள்ளப்பட்ட வாக்குகளின் காரணத்தை வெளியிடச் சொல்வதும் உங்கள் அலுவலர்களுக்கு அத்தகைய காப்புதான்.

அடுத்தது மறு எண்ணிக்கை. இப்போதைய விதிப்படி, வேட்பாளரோ முகவரோ காரணத்தோடு எழுத்தில் கேட்க வேண்டும். தேர்தல் நடத்தும் அலுவலர் ஏற்கலாம், ஒரு பகுதியை மட்டும் ஏற்கலாம், சாரமற்றது என்று மறுக்கலாம். முடிவை எழுத்தில் தர வேண்டும். ஆக, மறு எண்ணிக்கை கிடைப்பதும் கிடைக்காததும், அந்த நள்ளிரவில் ஓர் அலுவலர் என்ன நினைக்கிறார் என்பதையும், அரை மணி நேரத்தில் முறையான மனு எழுதத் தெரிந்த முகவர் ஒருவர் உள்ளே இருக்கிறாரா என்பதையும் பொறுத்திருக்கிறது. பெரிய கட்சிகளுக்கு வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். சுயேச்சைக்கு யார் இருக்கிறார்கள்? வித்தியாசம் ஒரு வரம்புக்குக் கீழே இருந்தால் எவரும் கேட்காமலே மறு எண்ணிக்கை நடக்க வேண்டும் என்று விதி வையுங்கள். அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தில், அரை சதவீதத்துக்குள் வித்தியாசம் வந்தால் தானாகவே மறு எண்ணிக்கை நடக்கும் என்ற சட்டம், 537 வாக்குகளில் முடிவான 2000ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் தேர்தலின்போதே இருந்தது. நமக்கு அவ்வளவு பெரிய வரம்பு வேண்டியதில்லை. ஆயிரத்துக்கு ஒன்று என்று வைத்தாலே எங்கள் 49ம், அதே 2016இல் காட்டுமன்னார்கோயிலில் திருமாவளவன் தோற்ற 87ம் அதற்குள் வந்துவிடும்.

இது ஆணையத்துக்குப் புதிய கொள்கையாக இருக்க முடியாது. மாதிரி வாக்குப்பதிவின் வாக்குகள் அழிக்கப்படாமல் விட்டுப்போன இயந்திரத்தைத் தனியே வைத்துவிட்டு, வெற்றி வித்தியாசம் அந்தச் சாவடியின் மொத்த வாக்குகளைவிடக் குறைவாக இருந்தால் மட்டும் அதன் ஒப்புகைச் சீட்டுகளை (வாக்கு யாருக்குப் பதிவானது என்று காட்டி அச்சாகும் தாள்களை) எண்ணச் சொல்லி வந்தீர்கள். வித்தியாசம் குறையக் குறையச் சோதனை கூட வேண்டும் என்பதை நீங்களே ஏற்றிருக்கிறீர்கள். அதை எல்லாத் தொகுதிக்கும் பொதுவான ஒரே கோடாக வரையுங்கள் என்றுதான் கேட்கிறேன். வாக்குப்பதிவு இயந்திரத்தின் ஒவ்வொரு கட்டுப்பாட்டுக் கருவியும் காட்டும் மொத்தத்தை, சாவடியில் பதிவான வாக்குகளின் கணக்கான படிவம் 17சியில் உள்ள மொத்தத்தோடு வைத்துப் பார்ப்பதும், சுற்றுத் தாள்களின் கூட்டலைச் சரிபார்ப்பதும் சில மணி நேர வேலை. தொகுதிக்கு ஐந்து சாவடிகளில் ஒப்புகைச் சீட்டை எண்ணும் இப்போதைய முறையையும், இப்படி நூலிழையில் நிற்கும் தொகுதியில் மட்டுமாவது, ஐந்தோடு நிறுத்தாமல் இன்னும் சில சாவடிகளுக்கு நீட்டலாம்.

மூன்றாவதாக, ஆவணங்கள். 2024 டிசம்பர் 20 அன்று, தேர்தல் நடத்தை விதிகளின் 93ஆம் விதி திருத்தப்பட்டு, பொதுமக்கள் பார்வையிடக்கூடிய தாள்கள் எவை என்பது குறுக்கப்பட்டது. 2025 மே மாதத்தில், தேர்தல் மனு எதுவும் தாக்கலாகாவிட்டால் காணொளிப் பதிவுகளை 45 நாட்களில் அழிக்கலாம் என்று மாநிலங்களுக்கு எழுதினீர்கள். பதிவுகளை வெட்டி ஒட்டித் தவறாகப் பரப்புகிறார்கள், வாக்காளர்களின் அந்தரங்கம் கெடுகிறது என்ற உங்கள் கவலையை நான் மதிக்கிறேன். வாக்குச்சாவடிக்குள் யார் வந்தார், யார் வரவில்லை என்பது ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் எண்ணும் மையத்தின் பதிவில் வாக்காளர் யாரும் இல்லை. அதில் இருப்பவர்கள் அலுவலர்களும் முகவர்களும் தாள்களும் இயந்திரங்களும் மட்டுமே. முடிவு வெளியான 45 நாட்களுக்குள் தேர்தல் மனு தாக்கல் செய்ய வேண்டும் என்பது சட்டம். ஆதாரத்தை வைத்திருக்கும் காலமும் அதே 45 நாட்கள் என்றால், மனு எழுதுவதா வேண்டாமா என்று தீர்மானிக்க ஒருவர் அந்தப் பதிவை எப்போது பார்ப்பது? வித்தியாசம் ஆயிரத்துக்கு ஒன்றுக்குள் இருக்கும் தொகுதிகளில் எண்ணும் மையப் பதிவை, மனு வந்தாலும் வராவிட்டாலும், அந்தப் பேரவையின் ஆயுள் முடியும் வரை வைத்திருங்கள்; முதல் மூன்று இடங்களில் வந்த வேட்பாளர்களுக்கு முதல் வாரத்திலேயே பிரதி கொடுங்கள். முத்திரையிட்ட பெட்டிகள் எந்தக் கருவூலத்தில், எந்தத் தேதியில் வைக்கப்பட்டன, எப்போது யார் முன்னிலையில் நகர்த்தப்பட்டன என்ற பேரேடும் வெளிப்படையாக இருக்கட்டும். மலப்புரத்தில் நடந்தது இன்னொரு முறை நடக்கக் கூடாது.

காலத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. தேர்தல் நடக்கும்போது நீதிமன்றம் குறுக்கிட முடியாது, குறை இருந்தால் முடிவுக்குப் பிறகு தேர்தல் மனுவாக மட்டுமே வர வேண்டும் என்ற சட்ட நிலை, நம் நாமக்கல்லிலிருந்து போன வழக்கில் உறுதியானது. அன்றைய சென்னை மாகாணத்தின் நாமக்கல் தொகுதியில் வேட்புமனு நிராகரிக்கப்பட்ட என்.பி. பொன்னுசாமி தொடுத்த வழக்கில் 1952 ஜனவரி 21 அன்று உச்ச நீதிமன்றம் அப்படித் தீர்ப்பளித்தது. தேர்தல் தடைபடாமல் உரிய காலத்தில் முடிய வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அது நல்ல காரணம். ஆனால் மற்ற எல்லாக் கதவுகளையும் மூடி ஒரே ஒரு கதவை மட்டும் விட்டுவைத்தால், அந்தக் கதவாவது நேரத்துக்குத் திறக்க வேண்டும். தேர்தல் மனுவை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 86ஆம் பிரிவு சொல்கிறது. எங்கள் தொகுதியில் உயர் நீதிமன்ற உத்தரவு வரவே மூன்று ஆண்டுகளும் சில மாதங்களும் ஆயின.

நீதிமன்றத்துக்கு நீங்கள் கால வரம்பு விதிக்க முடியாது என்பதும், தேர்தல் மனுவில் நீங்கள் ஒரு தரப்பாக நிற்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் ஆவணங்கள் எல்லாம் மாவட்டத் தேர்தல் அலுவலரின் பொறுப்பில் இருக்கின்றன. நீதிமன்றம் கேட்ட நாளிலிருந்து இத்தனை நாளுக்குள் அவற்றை ஒப்படைக்க வேண்டும் என்று அவர்களுக்கு நீங்கள் உத்தரவிடலாம். சட்டத் திருத்தம் கோரி மத்திய அரசுக்குப் பரிந்துரை அனுப்பும் வழக்கம் ஆணையத்துக்கு நெடுநாளாக உண்டு. 1966க்கு முன்பு தேர்தல் வழக்குகளைத் தனித் தீர்ப்பாயங்கள் விசாரித்தன. பிறகு உயர் நீதிமன்றங்களுக்கு மாற்றினார்கள். வித்தியாசம் மிகக் குறைவாக உள்ள தொகுதிகளின் மனுக்களை மட்டும் விசாரிக்க ஒவ்வொரு உயர் நீதிமன்றத்திலும் தேர்தலுக்குப் பிந்தைய முதல் ஆண்டில் வேறு பணி தராத ஓர் அமர்வு, அதன் மேல்முறையீட்டுக்கு ஒரு கறாரான கால எல்லை என்று ஒரு பரிந்துரையை நீங்கள் எழுதினால், அதைப் படிக்காமல் ஒதுக்கிவைப்பது எந்த அரசுக்கும் எளிதாக இருக்காது.

என் கோரிக்கைகள் அதிகம் என்று தோன்றினால், முதலாவதை மட்டுமாவது அடுத்த தேர்தலுக்கு முன் செய்யுங்கள். அதற்குச் சட்டத் திருத்தமும் வேண்டாம், நிதி ஒதுக்கீடும் வேண்டாம். யார் சான்றொப்பமிடலாம் என்று ஒரு பட்டியல், ஏன் தள்ளினோம் என்று ஒரு பட்டியல். இரண்டையும் தமிழில், பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டக்கூடிய அளவில் வெளியிடுங்கள். ஆசிரியர்களுக்கான தேர்தல் பயிற்சி வகுப்பில் அதைப் படித்துக் காட்ட ஆள் வேண்டுமென்றால், ஊதியம் இல்லாமல் வர நான் அணியமாக இருக்கிறேன்.

ராதாபுரத்தில் 2019 அக்டோபர் 4 அன்று எண்ணிய கணக்கை வெளியிட இன்றைய நிலையில் சட்டப்படி தடை ஏதும் இல்லை என்றால், அதையும் உரிய நீதிமன்றத்தின் அனுமதி பெற்று எங்களுக்குச் சொல்லுங்கள். எந்தப் பதவியும் அதனால் இப்போது மாறப் போவதில்லை. 49 என்பது சரியா, இல்லையா என்று மட்டும் தெரிந்துகொள்கிறோம்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்,
ராதாபுரம் தொகுதி வாக்காளர்,
திருநெல்வேலி மாவட்டம்.